கிணற்றை எந்தப் பக்கமாக வெட்டிப் பார்ப்பது

மகன்,

உன் கடிதம் நேற்று வந்தது. கொழும்புக்குப் போய்த் திரும்பிய ஒருவரின் பயணப் பைக்குள் மடிந்து கசங்கி வந்தாலும், வந்து சேர்ந்ததே பெரிய காரியம். நான் முதலில் செய்தியைப் படிக்கவில்லை, எழுத்தைத்தான் பார்த்தேன். நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொள்கிற நாட்களில் உன் எழுத்து வரிசையாக நிற்கும். இந்தக் கடிதத்தில் இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு எல்லாம் சரிந்து விழுகிறது. ஆகவே முதல் புத்திமதி இதுதான்: சாப்பிடு. நோர்வேயில் வாய்க்கு ருசியாக ஒன்றும் இல்லை என்று சாட்டுச் சொல்லாதே. பக்கத்து அறையில் இருப்பவன் சுன்னாகத்துப் பெடியன் என்று நீதான் எழுதினாய், இரண்டு பேருமாகச் சேர்ந்தால் ஒரு பானை சோறு வைக்க முடியாதா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ படித்துக்கொண்டே வேலை பார்க்கிற இடத்தில் கடலின் சூட்டை அளந்து வைத்திருக்கிறார்கள். எந்த இடம், எந்த மாதம், எந்த ஆழம் என்று மூன்று பக்கமாக எண்கள் நிரம்பிய ஒரு பெரிய அணி. அதிலிருந்து ஓர் ஆழத்தை மட்டும் வெட்டி எடுத்துப் படமாக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீ எடுத்த படத்தில் கடலின் ஒரு பாதி சூடு, மறு பாதி குளிர், நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு நேர்கோடு. புரோக்கிராமை மூன்று தரம் அழித்து எழுதியும் அந்தக் கோடு போகவில்லை. அதனால் இந்தப் படிப்பே உனக்குச் சரிவராதாம், விட்டுவிட்டு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போகிறாயாம். கோப்பை கழுவுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் வீட்டில் இருந்த காலத்தில் நீ ஒரு கோப்பையைக் கழுவி நான் காணவில்லை, ஆகவே அதுவும் உனக்குச் சரிவருமா என்று கொஞ்சம் யோசித்துக்கொள். கடைசியில், நான் கணனிக்கு எழுதிய காலத்தில் எனக்கு இப்படி நடந்ததுண்டா என்று கேட்டிருக்கிறாய். நடந்தது. அந்தக் கோடு எனக்கு நல்லாகத் தெரிந்த கோடு. அதனால்தான் வீட்டு வேலையை எல்லாம் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு அப்போது பத்து வயது. நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில், குடாநாட்டுக் கிணறுகளின் உப்பை அளந்து பதிகிற ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்தேன். இங்கே ஆறு இல்லை. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அதற்கு அடியில் கிடக்கிற கடல் தண்ணீரின் மேலே மிதந்து நிற்கிறது. மேலே நல்ல தண்ணீர், கீழே உவர். நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த மேல் தண்ணீரைத்தான். அது எங்கே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அலுவலகத்தில் கணனி இல்லை, அது கொழும்பில் இருந்தது. நான் இங்கே தாளில் எழுதி அனுப்புவேன், அங்கே அட்டைகளில் துளை போட்டு ஓட்டுவார்கள், விடை ரயிலில் வரும். ஒரு காற்புள்ளி தவறினால் அடுத்த கிழமைவரை காத்திருக்க வேண்டும். அதனால் எழுதியதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் அனுப்புவேன். நான் நன்றாக எழுதினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. உன் அப்பாவின் வீட்டார்தான் நான் எங்கேயோ கணக்கப்பிள்ளை வேலை பார்ப்பதாகக் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பது கிணறுகள், பன்னிரண்டு மாதங்கள், ஒவ்வொரு கிணற்றிலும் நாலு மட்டங்கள். எல்லாவற்றையும் ஓர் அணிக்குள் வைத்து அதற்கு உப்பு என்று பெயர் கொடுத்தேன். முதல் எண் கிணறு, இரண்டாவது மாதம், மூன்றாவது மட்டம். எது முழுவதும் வேண்டுமோ அந்த இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். உப்பு(*, 8, 4) என்றால் எல்லாக் கிணறுகளும் ஓகஸ்ட் மாதத்தில் நாலாம் மட்டத்தில் எப்படி என்பது. உப்பு(17, 8, *) என்றால் பதினேழாம் கிணறு ஒன்றுதான், ஓகஸ்ட் ஒன்றுதான், ஆனால் நாலு மட்டமும். நீ இப்போது நட்சத்திரத்துக்குப் பதிலாக முக்காற்புள்ளி போடுகிறாய் என்று எழுதியிருந்தாய். குறி மாறியிருக்கிறது, வெட்டு மாறவில்லை.

இது உனக்குப் புதிதுமில்லை. பேக்கரியில் வாங்கி, வெட்டி அடுக்கிய அச்சுப் பாணை எல்லோரும் துண்டு துண்டாக எடுத்துச் சாப்பிடுவார்கள். நீ மட்டும் நுனியிலிருந்து விரலை விட்டு, நடுவில் இருக்கும் பஞ்சை அடுத்த நுனிவரை தோண்டித் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல எழுந்து போவாய். ஒரு நாள் உன் பெரியப்பா தேத்தண்ணியோடு ஒரு துண்டை எடுத்தார், நடுவில் ஓட்டை. அடுத்ததை எடுத்தார், அதிலும் அதே இடத்தில் ஓட்டை. எலி என்று நினைத்துப் பொறி வாங்கி வந்து வைத்தார். ஒரு துண்டை அப்படியே எடுப்பது ஒரு வெட்டு. எல்லாத் துண்டுகளையும் ஒரே இடத்தில் துளைத்துக்கொண்டு போவது இன்னொரு வெட்டு. பாண் ஒன்றுதான். பத்து வயதில் யாரும் சொல்லித்தராமல் செய்ததை இப்போது முடியாது என்று எழுதினால் நான் எப்படி நம்புவது?

அந்த வருடம் மழை பொய்த்தது. நமது கிணறு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது என்பது உனக்குத் தெரியும். குடிதண்ணீரும் அதிலிருந்துதான், மிளகாய்த் தோட்டத்துக்கு இறைப்பதும் அதிலிருந்துதான். ஓகஸ்ட் பிறக்க முன்னமே பம்பு கொஞ்ச நேரம் ஓடியதும் தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கத் தொடங்கியது. பெரியப்பா அப்போது காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் வேலை. சுண்ணாம்புக் கல்லைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவருடைய எண்ணம். கிணற்றை இன்னும் ஓர் ஆள் ஆழத்துக்கு வெட்ட வேண்டும் என்று நின்றார். வெட்டலாம், அடியில் நல்ல தண்ணீர் இருந்தால். அடியில் ஏற்கெனவே உவர் ஏறியிருந்தால், அந்தக் கல்லை உடைத்த அன்றோடு கிணறு போய்விடும். கிளம்பிய உவரைத் திருப்பி உள்ளே அனுப்ப ஒரு வழியும் இல்லை. மிளகாயும் வெங்காயமும் கருகும், குடிக்கிற தண்ணீருக்கு நாம் இன்னொருவர் படலை வாசலில் குடத்தோடு நிற்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் சரிபார்க்கக் கொண்டுவந்த தாள் ஒன்று பெரியப்பாவின் கண்ணில் பட்டது. எல்லாக் கிணறுகளின் நாலாம் மட்டம், அதாவது அடி மட்டம். காங்கேசன்துறை வீதிக்கு மேற்கே இருந்த கிணறுகள் எல்லாவற்றிலும் பெரிய பெரிய எண்கள், ஒரே உப்பு. வீதிக்குக் கிழக்கே எல்லாம் சின்ன எண்கள். நமது பதினேழாம் கிணறு கிழக்கு. அதில் இருந்ததோ எல்லாவற்றிலும் சின்ன எண். பெரியப்பாவுக்குத் தலைகால் தெரியவில்லை. கிழக்குப் பக்கத்துக் கல்லே வேறு, இது தனக்கு எப்போதோ தெரியும், இப்போது கொழும்பில் இருக்கிற மெசினும் அதையே சொல்கிறது என்றார். சனிக்கிழமை கிணறு வெட்ட ஆட்களுக்கும் சொல்லிவிட்டார்.

“ஒரு தாளைப் பாத்துச் சொல்லேலாது அத்தான்,” என்றேன். “மற்ற மூண்டையும் பாத்திட்டுச் சொல்லுறன்.”

“என்ன பிள்ளை, உம்மடை மெசின் சொன்னதை நீரே நம்பேல்லையோ?”

உன் அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட எழுந்து போனார். இந்த வீட்டில் அவருடைய அண்ணனுக்கும் எனக்கும் நடுவே ஒரு பேச்சு வந்தால் மாட்டுக்கு உடனே பசித்துவிடும், அது உனக்கும் தெரியும். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீ நாளைக்கு ஒரு பெண்ணைக் கட்டினால், அப்படியான நேரத்தில் மாட்டை மறந்துவிட்டு அங்கேயே இரு.

எனக்கு அந்தத் தாள் பிடிக்கவில்லை. புரோக்கிராமில் பிழை என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. பிடிக்காமல் போனதற்குக் காரணம் அந்தக் கோடுதான். நிலத்துக்குக் கீழே கிடக்கிற தண்ணீருக்கு மேலே ஒரு வீதி போவது எப்படித் தெரியும்? தார் போட்ட வீதியைக் கண்டு உப்பு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுமா? அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போனதும் ஓகஸ்ட் மாதக் கட்டை எடுத்து, நாலு மட்டங்களுக்குமான நாலு தாள்களையும் பிரித்தேன். கணனித் தாளின் இரண்டு கரையிலும் வரிசையாகத் துளை இருக்கும். அந்தத் துளைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக வைத்து அடுக்கிவிட்டு, நமது கிணற்றின் எண் இருந்த இடத்தில் ஒரு குண்டூசியால் நாலு தாளையும் ஊடுருவக் குத்தினேன். கொழும்புக்கு எழுதிக் காத்திருக்க நேரமில்லாததால் கையாலேயே எடுத்த உப்பு(17, 8, *) அதுதான். பிறகு ஒவ்வொரு தாளாகத் திருப்பி, ஊசி குத்திய எண்ணைப் படித்தேன். முதலாம் மட்டத்தில் உப்பு அதிகம், இரண்டில் கொஞ்சம் குறைவு, மூன்றில் இன்னும் குறைவு, நாலில் இல்லையென்றே சொல்லலாம்.

உவர் கனமானது, அது அடியில்தான் கிடக்கும். நல்ல தண்ணீருக்கு மேலே உப்புத் தண்ணீர் ஏறி மிதக்கிற கிணறு உலகத்தில் எங்கும் இல்லை. கிழக்குப் பக்கத்துக் கிணறுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தேன், எல்லாமே தலைகீழ். மேற்குப் பக்கம் எல்லாம் நேராக இருந்தது. ஒரு மட்டத்தைத் தனியே வெட்டி எடுத்த அந்தத் தாளில் எண்கள் ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அந்தத் தாள் நாலாம் மட்டம் என்று சொன்னது மேற்கே ஒன்று, கிழக்கே வேறொன்று.

அளக்கிற ஆட்கள் இரண்டு பேர். மேற்கே சிவபாலன், கோண்டாவிலில் தோட்டம் செய்கிற குடும்பம். கிழக்கே மரியதாஸ், குருநகர், தகப்பனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இரண்டு பேரையும் அலுவலகக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, அளப்பதைச் செய்து காட்டச் சொன்னேன். சிவபாலன் கயிற்றில் கட்டிய போத்தலை மெல்ல இறக்கி, அது தண்ணீரைத் தொட்டதும் சற்று உள்ளே விட்டு ஒன்று என்றான். மரியதாஸ் கயிற்றை ஓடவிட்டான். கயிற்று நுனியில் கட்டிய ஈயக்குண்டு அடியில் தட்டியது கைக்குத் தெரிந்ததும் கயிற்றை இறுக்கி, சற்று மேலே தூக்கி, அவனும் ஒன்று என்றான்.

“அடி தட்டாமல் எப்பிடி அக்கா எண்ணுறது?” என்று என்னைக் கேட்டான். “தூண்டில் போட்டாலும் ஈயம் நிலம் பட்டாப் பிறகுதானே மேலை இழுத்துப் பாக்கிறது.”

சிவபாலனுக்குச் சிரிப்பு. கிணற்றை அடியிலிருந்து எண்ணுகிறவனை அவன் அன்றைக்குத்தான் கண்டானாம். எத்தனையோ மாதம் ஒரே ஜீப்பில் போய் வந்தவர்கள், வீதியடியில் இறங்கி ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போனதால் ஒருவர் அளப்பதை மற்றவர் காணவே இல்லை. அலுவலகத்தில் அவர்களுக்குச் சொல்லியிருந்ததும் நாலு மட்டம், ஒன்றிலிருந்து நாலுவரை, அவ்வளவுதான். எங்கிருந்து தொடங்குவது என்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவுமில்லை. கிழக்குப் பக்கத்துக் கிணறுகளுக்கு மட்டும் மட்டத்தை ஐந்திலிருந்து கழித்துக்கொள் என்று புரோக்கிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தேன், ஒன்று நாலாகும், நாலு ஒன்றாகும். அவ்வளவில் கோடு அழிந்துவிட்டது. நமது கிணற்றின் அடி மட்டமும் மற்றவர்களுடையது போல உவர்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். கடல்காரன் எண்ணினதுக்கும் எங்கள் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் எனக்குக் கோபம் வந்தது. மரியதாஸ் எண்ணியதில் ஒரு பிழையும் இல்லை, அவன் ஒரு மாதம்கூடத் தவறாமல் ஒரே மாதிரித்தான் எண்ணியிருந்தான். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். சனிக்கிழமை விடிய ஆட்கள் கல்லுடைக்க அலவாங்கோடு வந்துவிட்டார்கள். தண்ணீரை இறைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான், பெரியப்பா பம்படிக்குப் போனார். நான் மரியதாஸிடம் வாங்கி வந்த போத்தலோடு அவருக்கு முன்னால் போய் நின்றேன். மைத்துனருக்கு முன்னால் அப்படி நின்றது எனக்கும் அதுதான் முதல் தடவை. பம்பை இழுக்க முன்னம் இரண்டு போத்தல் தண்ணீர் குடித்துப் பாருங்கள், அதற்குப் பிறகு நான் வாய் திறக்கமாட்டேன் என்றேன்.

ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. முதலில் மேலே எடுத்ததைக் குடித்தார், முகம் மாறவில்லை. பிறகு போத்தலை அடிவரை இறக்கி, அங்கே வைத்து, தக்கையில் கட்டிய நூலை இழுத்து, நிரம்பியதை மேலே எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அத்தனை பேருக்கு முன்னால் துப்பவும் மனமில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைசியில் விழுங்கினார்.

“உவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பும்,” என்றார். “இந்த வருசம் வெட்டேல்லை.”

எல்லாம் நன்றாக முடிந்தது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். அந்த வருடம் மிளகாயில் பாதி தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோனது. காய்ந்த செடிகளைப் பிடுங்கும்போது பெரியப்பா என் காதில் விழும்படி பெருமூச்சு விட்டுக்கொண்டே பிடுங்கினார். நான் அசையவில்லை. காய்ந்த மிளகாயை அடுத்த போகத்தில் நடலாம். மாரி வந்தது, கிணறு நிரம்பியது.

இனி உன் கடலுக்கு வருவோம். புரோக்கிராமை நாலாம் தரம் அழிக்காதே. உன் வெட்டுச் சரி என்று நான் இங்கிருந்தே சொல்கிறேன். அதே அணியை மற்றப் பக்கமாக வெட்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் இடம், அந்தப் பக்கம் ஓர் இடம், இரண்டிலும் எல்லா ஆழங்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஒன்று இறங்க மற்றது ஏறினால் கணனியை மூடிவிட்டு எழுந்து போய், அந்தக் கருவிகளைக் கடலுக்குள் இறக்கிய ஆட்களைத் தேடிப் பிடி. எந்தக் கப்பலில் போனார்கள், எங்கிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்று கேள். நடுக் கடலில் நேர்கோடு போடுகிறவன் மனிதன்தான், அது அங்கத்தைய கடலானாலும் அப்படித்தான். அணிக்குள் போன பிறகு எல்லா எண்ணும் ஒரே முகத்தோடு நிற்கும், யார் எங்கிருந்து எண்ணினார் என்று அது கேட்காது. கேட்க வேண்டியவன் நீ. கேட்கும்போது யாரையும் குற்றவாளியாக நிறுத்தாதே. அவரவர் ஊரில் அவரவர் எண்ணியது சரிதான், இரண்டையும் ஒரே நிரலில் போட்ட இடத்தில்தான் பிழை. உன்னோடு வேலை செய்கிறவர்களோடும், நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறவளோடும் உனக்கு முரண்பாடு வரும்போதும் முதலில் இதைத்தான் பார். பொய் சொல்கிறாள் என்று நினைக்க முன்னம், எங்கிருந்து எண்ணுகிறாள் என்று கேள்.

நீ போன பிறகு நடந்த ஒன்றையும் எழுத வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு வடக்கே காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து சனம் வீடு வளவுகளை விட்டு வந்து நமக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியது. அவர்களுக்கும் குடிதண்ணீருக்கு நமது கிணறுதான். பம்புக்கு எண்ணெய் இல்லை, வாளியால்தான் அள்ள வேண்டும். விடியத் தொடங்கினால் இருட்டும்வரை வாளி ஓயாது. நான் சொன்னது சரி என்று பெரியப்பா இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. அந்தக் கோடையில் தண்ணீர் இறங்கத் தொடங்கியபோது, கிணற்றுக் கட்டில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தவர், வீட்டுக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்து எல்லா வாளிக் கயிறுகளையும் அறுத்துக் குட்டையாக்கிக் கட்டினார். கைக்குழந்தையோடு வரிசையில் நின்ற ஒரு பெண் பதறிப்போனாள்.

“ஏன் ஐயா கயித்தைக் குறைக்கிறியள்? கீழை இன்னும் தண்ணி கிடக்கெல்லோ.”

“கிடக்குப் பிள்ளை,” என்றார் பெரியப்பா. “அதுக்குக் கீழை கடலும் கிடக்கு. அதை எழுப்பாமல் குடிப்பம்.”

அம்மா